பத்துக்கு எத்தனை வலி?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று என் தலையை நானே பின்னியிருந்தேன். எப்போது பின்னினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. குளித்தேன், டீ குடித்தேன், பையை எடுத்தேன், ஓடிவந்தேன். நடுவில் எங்கோ இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போய், மூன்று கால் எடுத்துப் பின்னி, ரப்பர் பேண்டும் போட்டுவிட்டு வந்திருக்கின்றன. எதுவும் வலிக்கவில்லை. வலிக்காததை நான் கவனிக்கவும் இல்லை.

அதற்கு முன் இரண்டு வருடத்துக்கும் மேலாக அம்மாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார். முப்பது வயதைத் தாண்டிய பெண், எம்.ஏ. சமூகவியல் படித்தவள், ஊர் ஊராகப் போய் உரிமை பேசுகிறவள், காலையில் அம்மா முன்னால் மணை போட்டு உட்கார்ந்திருப்பேன்.

தோழர்களே, இந்தப் பக்கத்தில் நாம் வழக்கமாக வன்கொடுமை வழக்குகளையும் பஞ்சமி நிலத்தையும் ஸ்காலர்ஷிப்பையும் பற்றிப் பேசுகிறோம். என் முடக்குவாதத்தை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று கேட்கலாம். வலி வந்ததைச் சொல்லவும் வலி போனதைச் சொல்லவும் எனக்கு ஒரே தடைதான் இருந்தது. அந்தத் தடை உங்களில் பலருக்கும், உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஆரம்பம் சாதாரணமானது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. ஒன்றரை மணி நேரம் ஆகும் கை திறப்பதற்கு. ஸ்கூட்டி ஓட்டுவதால் என்று நினைத்தேன். பிறகு மணிக்கட்டு வீங்கியது, கால் விரல்களின் அடிப்பாகம் வலித்தது, தரையில் கால் வைத்தால் கூழாங்கல் மேல் நிற்பதுபோல இருந்தது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதிலே அதிகம் கேட்டது, "மாட்டுக்கறியை விடு, வாதம் தானா போயிடும்." சொன்னவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்தான். நம் சாப்பாட்டின் மேல் மற்றவர்கள் ஏற்றிவைத்த அசிங்கத்தை நாமே வைத்தியமாகச் சொல்லப் பழகியிருக்கிறோம்.

அம்மா வேறு வழி காட்டினார். அம்மா இருபது வருடம் வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்தவர். ஒரு ஜோடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. முதுகும் மணிக்கட்டும் வலிக்கும்போதெல்லாம் தெருமுனை மருந்துக் கடையில் காகிதப் பொட்டலம் வாங்கி வருவார். இரண்டு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன ரோஸ். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. "சாப்ட்டுப் பாரு பாப்பா, மறுநாளே கை நீட்டமா ஆயிடும்" என்றார். ஆனது. மறுநாளே ஆனது. நான் அந்தப் பொட்டலத்தை ஏழு மாதம் சாப்பிட்டேன்.

முகம் வட்டமானது. கன்னம் உப்பியது. தெருவில், "இன்னாமா, நல்லா சதை போட்டுட்ட, கல்யாணக் களை வந்துடுச்சு" என்றார்கள். நானும் உடம்பு தேறிவிட்டது என்றே நம்பினேன்.

ஒரு பண்டிகைக்குக் கடை மூன்று நாள் மூடியிருந்தது. என்னிடம் பொட்டலம் தீர்ந்துவிட்டது. மூன்றாவது நாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு டாக்டர் என் முகத்தையும், கையில் சும்மா தொட்டாலே கருநீலமாகிற தோலையும் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி வகுப்பெடுத்தவள் நான். என் வாயில் நானே போட்டுக்கொண்டது என்ன என்ற தகவல் என்னிடம் இல்லை.

அது ஸ்டீராய்டு. மருந்தே தப்பு என்று நினைக்காதீர்கள். அதன் கதை பெரியது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் கர்ப்பமான பெண்களுக்கும் முடக்குவாத வலி தற்காலிகமாகக் குறைவதைக் கவனித்திருந்தார். உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்பது அவர் ஊகம். 1948 செப்டம்பரில், படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குப் பின்னாளில் கார்டிசோன் என்று அறியப்பட்ட பொருளை ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஊசி நின்றதும் வலி திரும்பியது. தொடர்ந்து போட்டால் முகம் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது. அந்தப் பெண்ணின் முதல் வாரத்தைத்தான் எங்கள் தெருமுனைக் கடை தினமும் விற்றுக்கொண்டிருந்தது. மீதிக் கதையை யாரும் சொல்லவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கிய விதம் இதுதான். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. தினமும் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை அவைதான் செய்கின்றன; மாத்திரைக் கணக்கில் சொன்னால் சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் அளவு. வெளியிலிருந்து மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் அவை வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. எனக்கு நடந்தது அதுதான். உயிரே போகலாம் என்றார்.

சிகிச்சை தொடங்கியது. வாரம் ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட், கூடவே ஃபோலிக் ஆசிட். அது மெதுவாக வேலை செய்யும், சில மாதம் ஆகும். அதுவரை பிரெட்னிசலோன் 15 மில்லிகிராம், இந்த முறை பெயரோடும் அட்டையோடும். பிறகு படிப்படியாக இறங்க வேண்டும்: பன்னிரண்டரை, பத்து, ஏழரை, ஐந்து. பத்துக்குக் கீழே போனபிறகு ஒவ்வொரு படிக்கும் ஒரு மாதம், சில படிக்கு அதற்கும் மேல். உப்பைக் குறைக்கச் சொன்னார், கால்சியம் மாத்திரை எழுதினார். மாட்டுக்கறி பற்றி நானே கேட்டேன். "புரதம் வேணும்மா, சாப்பிடுங்க" என்றார். அன்று இரவு வீட்டில் அதைத்தான் சமைத்தோம்.

படி இறங்க இறங்க என் முகம் பழைய முகமானது. கன்னம் வற்றியது. தெருவில் பார்த்தவர்கள், "இன்னாமா இப்டி எளைச்சிட்ட, உடம்பு சரியில்லையா?" என்றார்கள். நான் மோசமாக இருந்தபோது தேறிவிட்டேன் என்றார்கள். தேறும்போது சீக்கு என்றார்கள். யாருடைய பார்வையை வைத்தும் என் உடம்பைத் தெரிந்துகொள்ள முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. டாக்டரின் யோசனைப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினமும் நான்கு விஷயம்: மாத்திரை அளவு, காலையில் கை திறக்க எத்தனை நிமிடம், எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது, பத்துக்கு எத்தனை வலி.

ஐந்து மில்லிகிராமில் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து இறங்கத் தொடங்கிய இரண்டாவது வாரம் உடம்பெல்லாம் வலி. தொடை, தோள், இடுப்பு. படியேற முடியாத களைப்பு. காரணமில்லாமல் அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று முடிவு செய்தேன். பர்ஸுக்குள் பழைய பொட்டலம் ஒன்று இருந்தது. மறந்து வைத்ததா, மறைத்து வைத்ததா என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதைக் கையில் எடுத்தேன். அம்மா பார்த்துவிட்டார். எந்தப் பொட்டலத்தை அவரே வாங்கிக் கொடுத்தாரோ அதைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். "நோட்டை எடுத்துக்கினு டாக்டராண்ட போ" என்றார்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "உடம்பு வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா மூட்டு வீக்கம் பூஜ்யம், காலையில் கை திறக்கப் பத்து நிமிஷம்தான்" என்றார். ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி 4. ஆரம்பத்தில் அது 34. நோய் திரும்பினால் மூட்டு வீங்கும், சூடாக இருக்கும், காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும், அழற்சியைக் காட்டும் அந்த எண்ணும் ஏறும். இது மருந்து குறைவதை உடம்பு உணர்வது; தூங்கிய சுரப்பி கண் விழிக்கிற நேரம். இரண்டுக்கும் பெயர் வலிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மறுபடி ஐந்துக்கே ஏறி ஒரு மாதம் நின்றோம். பிறகு ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் இரண்டரை. பிறகு தினமும் இரண்டரை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.

இப்போது அந்தப் 'பத்துக்கு எத்தனை' என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதல் நாள் டாக்டர் கேட்டபோது நான் சொன்ன பதில், "பரவாயில்லைங்க." அவர் சிரிக்காமல் சொன்னார்: "பரவாயில்லைன்னு ஒரு நம்பர் இல்லைம்மா." நான் மூன்று என்றேன். பின்னால் நின்றிருந்த அம்மா குறுக்கிட்டார்: "டாக்டர், அவ பொய் சொல்றா. நேத்து டம்ளரைத் தூக்க முடியாம கீழ போட்டா." எட்டு என்று திருத்தி எழுதினார்கள்.

ஏன் பொய் சொன்னேன்? அதிகமாகச் சொன்னால் நடிக்கிறாள் என்பார்களோ என்ற பயம். நம் பெண்கள் பிரசவ வார்டில் கத்தியதற்குத் திட்டு வாங்கியதைக் கேட்டு வளர்ந்த பயம் அது. வேலைக்குப் போகிற இடத்தில் வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த வாரம் வேலை வராது. தாத்தா காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் எடுத்தவர்களின் கையைப் பார்த்து யாரும் பத்துக்கு எத்தனை என்று கேட்டதில்லை. தாங்கிக்கொள்வதுதான் நம் தகுதிச் சான்றிதழ் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள், நாமும் அதைப் பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

ஆனால் முடக்குவாதத்தில் நோய் அடங்கிய நிலையை, டாக்டர்கள் ரெமிஷன் என்பதை, எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2011இல் வகுத்த விதியில் நான்கு கேள்விகள். வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. வீங்கிய மூட்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. சிஆர்பி ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நான்காவது, நோயின் பாதிப்பு பத்துக்கு எத்தனை என்று நோயாளி தானே சொல்லும் எண் ஒன்றைத் தாண்டக் கூடாது. 2022இல் அதை இரண்டு வரை தளர்த்தினார்கள். எந்த மெஷினும் அந்த நான்காவது எண்ணைச் சொல்லாது. நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அந்த எண் பொய்யாக இருந்தால் கணக்கே பொய்.

அடுத்த சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. தலை பின்னிக்கொண்ட அந்த வாரம் மருத்துவமனைக்குப் போனேன். ஸ்டீராய்டை முழுதாக நிறுத்தி நான்கு மாதம் ஆகியிருந்தது. வீக்கம் இல்லை, சிஆர்பி 3. டாக்டர் கேட்டார், பத்துக்கு எத்தனை? ஒன்று என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. ஒன்று என்று சொன்னால் கண் பட்டுவிடுமோ, மெத்தோட்ரெக்ஸேட்டையும் பிடுங்கிக்கொள்வார்களோ, நாளைக்கே மறுபடி வீங்கினால் எந்த முகத்தோடு வருவது? வலியைச் சொல்லப் பயந்தவள், இப்போது சுகத்தைச் சொல்லப் பயந்தேன். நல்லது நடந்தால் அது நமக்கானதுதானா என்று சந்தேகப்படும் பழக்கமும் தாங்கிக்கொள்ளும் பழக்கமும் ஒரே வீட்டில் பிறந்தவை. கடைசியில் "ஒன்னு" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். "ரெமிஷன்ல இருக்கீங்க. குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அடங்கியிருக்கு. வார மாத்திரையும் நோட்டும் தொடரட்டும்" என்றார்.

அடங்குவதற்கும் குணமாவதற்கும் உள்ள தூரம் பாலாற்றங்கரைக்காரர்களுக்குப் புதிதல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளைப் பற்றித் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிரச்சினை அடங்கியதாகத் தெரிந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். சுவருக்குப் பின்னால் என்ன நிரம்புகிறது என்று தினமும் அளந்து எழுத ஆளில்லாத இடத்தில், அமைதியை நலம் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு ஊரில் இரண்டு வருடம் சண்டை இல்லை என்றால் சாதி போய்விட்டது என்று அதிகாரிகள் அறிக்கை எழுதுவதும் இப்படித்தான். அந்தச் சேரிப் பெண்ணிடம் போய்ப் பத்துக்கு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை.

இளம் தோழர்களுக்கு இன்னொன்று. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் அம்பேத்கர் படத்தில் நீலக் கோட்டும் கையில் புத்தகமும் இருக்கும். 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்தபோது அவர் சர்க்கரை நோயோடும் கால் வலியோடும் இருந்த மனிதர். அந்த உடம்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. பேசாததால், தூங்காமல் சாப்பிடாமல் ஓடுவதுதான் போராட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். காய்ச்சலோடு ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவரைக் கைதட்டிப் பாராட்டுகிறோம். நானும் வீங்கிய கையோடு மைக் பிடித்துப் பாராட்டு வாங்கியவள்தான். அந்தக் கைதட்டலுக்கு நான் கொடுத்தது ஏழு மாதம்.

அதனால் சில விஷயங்களை நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் காகிதப் பொட்டலம் இருந்தால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். பொட்டலத்தையும் ஆளையும் சேர்த்து டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் காய்ச்சலுக்கோ ஆபரேஷனுக்கோ எங்கே போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காமல், மூட்டு வீங்கி, ஆறு வாரம் நீடித்தால் அது வேலைக் களைப்பு என்று விடாதீர்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, சீக்கிரம் பிடித்தால் மூட்டைக் காப்பாற்றலாம். ஷூ கம்பெனியில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால், ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியவருக்கு, டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்க்கால உதவியாக உண்டு. கேட்டு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து அதே ஷூவைத் தைக்கிற பெண்ணுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர் யாருடைய தொழிலாளி என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனியும் பதில் சொல்வதில்லை. அது நம் அடுத்த வேலை.

போன ஞாயிறு இரவு நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மா, உனக்குப் பத்துக்கு எத்தன?"

"எனக்கு இன்னா பாப்பா, பரவால்ல."

"பரவால்லன்னு ஒரு நம்பர் இல்லமா."

கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு போடு" என்றார். நான் எழுதுவதற்குள், "இல்ல, ஏழு" என்றார்.

நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே அம்மா பெயர் எழுதி, தேதி போட்டு, ஏழு என்று எழுதியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை இரண்டு பேருமாக வேலூர் போகிறோம்.

ஜெய் பீம்.